ஒலிபெருக்கியின் பூட்டு யார் கையில்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு அந்நிறுவனம் விதித்துள்ள வன்பொருள் நிபந்தனைகளைப் பழைய கணினிகள் பல நிறைவு செய்வதில்லை. நன்றாக இயங்கும் எந்திரங்கள் ஓர் அறிவிப்பால் குப்பைக்குத் தள்ளப்படுகின்றன. இதன் சுமை பெங்களூரு சிவாஜிநகர் போன்ற பகுதிகளின் மீதே முதலில் விழுகிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் உழைக்கும் குடும்பங்களுக்குக் கணினி என்பது பெரும்பாலும் வேறொருவர் பயன்படுத்தி விற்ற கணினிதான்.

அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கிறது. ஆயினும், "லினக்ஸில் சத்தம் வராது, புளூடூத் ஸ்பீக்கர் சேராது" என்ற பேச்சு தோழர்களிடையேயும் உண்டு. தெருமுனைக் கூட்டத்துக்கும் படிப்பு வட்டத்துக்கும் ஒலி இன்றியமையாதது என்பதால் இக்குறையை அற்பமானதென ஒதுக்கிவிட முடியாது.

உண்மை நிலை என்ன? புளூடூத்துக்கான புளூசீ மென்பொருள் 2001-லேயே லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றுவிட்டது. ஒலியைக் கையாளும் பைப்வயர், 2021-இல் ஃபெடோராவிலும் 2022-இல் உபுண்டுவிலும் இயல்பான ஒலி அமைப்பாயிற்று. இன்று ஸ்பீக்கரை இணைப்பு நிலையில் வைத்து, கணினியின் புளூடூத் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து, ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியாகக் குறித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பாடல் திடீரெனத் தொலைபேசிக் குரல்போல் மங்கினால், ஸ்பீக்கர் அழைப்பு முறைக்கு மாறியிருக்கக் கூடும். அதை ஏ2டிபி எனும் இசை முறைக்குத் திருப்ப வேண்டும். பெரிய கூட்டங்களுக்குக் கம்பி இணைப்பே நம்பகமானது.

இவ்வளவு செய்தும் ஒலி வரவில்லையெனில், பல வேளைகளில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. புளூடூத் சில்லுகள் பலவும் உற்பத்தியாளர் மூடி வைத்திருக்கும் ஃபர்ம்வேர் இன்றி இயங்குவதில்லை. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியான டெபியன் சமூகமே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அத்தகைய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்க்க நேர்ந்தது. பணம் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் சில்லும் மக்களுடையவை. அவற்றை இயக்கும் திறவுகோல் மட்டும் கம்பெனியிடம்.

காப்புரிமை இரண்டாவது பூட்டு. காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா போன்ற பதிப்புகள் எம்பி3 பாடலை ஒலிக்கச் செய்யும் வசதியின்றியே பல ஆண்டுகள் வெளிவந்தன. எம்பி3 உரிமத் திட்டம் 2017-இல்தான் முடிவுக்கு வந்தது. இந்தியாவிலும் அதே பூட்டைப் போடும் முயற்சி நடந்தது. 2004 டிசம்பரில் ஒன்றிய அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்குக் கதவைத் திறந்துவிட முனைந்தது. இடதுசாரிக் கட்சிகளின் எதிர்ப்பால் அப்பிரிவு 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் கைவிடப்பட்டது. மருந்து விலைக்காக நடந்த அப்போராட்டத்தின் இந்தப் பக்கம் பலரது நினைவில் இல்லை.

கொள்கை வெற்றி களத்தில் வேரூன்ற வேண்டும். பெங்களூருவின் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தை உருவாக்கினர்; கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கு கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றனர். கேரளத்தின் பொதுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கற்பிக்கின்றன. சிவாஜிநகரிலும் இது இயலும். ஒவ்வொரு கிளை அலுவலகத்திலும் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, ஸ்பீக்கரை இணைத்து, அதைப் பகுதி இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பை ஒரு தோழர் ஏற்கலாம்.

அத்துடன் அரசியல் கோரிக்கையும் எழ வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் அரசு வாங்கும் கணினிக் கருவிகள் அனைத்தும் கட்டற்ற இயங்குதளத்தில் முழுமையாக இயங்க வேண்டும். அதற்கான டிரைவர், ஃபர்ம்வேர் விவரங்களை உற்பத்தியாளர் வெளியிடுவது கொள்முதலின் கட்டாய நிபந்தனையாக வேண்டும். ஸ்பீக்கரை இணைப்பது ஒரு மணி நேர வேலை. பூட்டைத் திறப்பதோ திரண்ட மக்களின் வேலை.