பம்பை மாற்றும் முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. டிராக்டர், டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள், சொந்தத்தில் யாராவது வண்டி வைத்திருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் கடத்தூர், பொம்மிடி, அரூர் பக்கம் வண்டியில் ஹைட்ராலிக் வேலை செய்யவில்லை என்றால் முதலில் வரும் தீர்ப்பு, "பம்ப் போயிடுச்சு" என்பதுதான். பல நேரம் பம்ப் போயிருக்காது. கடைசியாகப் பார்க்க வேண்டியதை முதலில் கழற்றிவிடுகிறார்கள். இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, வண்டிக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் ஹைட்ராலிக் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் விதியில் படித்தோமே, அதேதான். பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் சொன்னதை வைத்து, இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1930-களில் ஹாரி ஃபெர்குசன் அதே தத்துவத்தில் கலப்பையைத் தூக்கும் லிஃப்டை டிராக்டரிலேயே பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாசே ஃபெர்குசன் என்ற பெயரில் இருக்கும் ஃபெர்குசன் இவர்தான்.

கணக்கைப் பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம் வந்தால் தூக்கும் விசை 11,775 கிலோ. கிட்டத்தட்ட 12 டன்! அழுத்தம் பாதியானால் தூக்கும் சக்தியும் பாதி. இது ஒரு கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த சிலிண்டர் 100 செ.மீ. நீளத்துக்கு வெளியே வர வேண்டும் என்றால் அதற்குள் 7,850 மி.லி., அதாவது 8 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆயில் போக வேண்டும். டேங்கில் இருந்து பம்ப் உறிஞ்சக்கூடிய ஆயில் 4 லிட்டர்தான் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? பெட்டி பாதி தூரம் நன்றாக ஏறும், அதோடு நின்றுவிடும். எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரின் டிப்பர் டிரெய்லர் இப்படித்தான் பாதியில் நின்றது. எரு ஏற்றிப் போட்டிருந்த பெட்டி. ஒரு பட்டறையில் பம்ப் மாற்றச் சொன்னார்கள். பாதி வரை நல்ல வேகத்தில் ஏறும் பெட்டிக்குப் பம்பை ஏன் சந்தேகிக்க வேண்டும்? ஓஸ் இணைப்பில் கசிந்து கசிந்து ஆயில் குறைந்திருந்தது. இணைப்பைச் சரிசெய்து ஆயில் ஊற்றியதும் பெட்டி முழுக்க ஏறியது.

இதே பாடம் பெங்களூரு வரை செல்லும். என்னிடம் படித்த ஒருவர் அங்கே ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுகிறார். பட்டனை அழுத்தினால் துணிக்கூரை மடிந்து பின்பக்கம் போய் உட்காரும் வெளிநாட்டுக் கார். நம்மூரில் பார்க்கிற தார் ஜீப்பின் துணிக்கூரையைக் கையால்தான் மடிக்க வேண்டும். இந்தக் காரில் பின்பக்கம் ஒரு சின்ன மோட்டார் பம்ப், ஒரு சின்ன ஆயில் டேங்க், கூரையின் இரு பக்கமும் விரல் தடிமன் சிலிண்டர்கள். ஒருநாள் கூரை திறக்கவில்லை. வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பம்ப் போய்விட்டது என்று பெரிய தொகை சொன்னார்களாம். முதலாளியோ, ஓட்டுநர் எதையோ உடைத்துவிட்டார் என்ற சந்தேகத்தில் இருந்திருக்கிறார். "சார், வேலையே போயிடும் போல இருக்கு" என்று போன் செய்தார்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "பட்டனை அழுத்தும்போது மோட்டார் சத்தம் வருதா?" வரவில்லை என்றார். சத்தமே இல்லை என்றால் ஆயிலைப் பற்றியோ பம்பைப் பற்றியோ பேச இன்னும் நேரம் வரவில்லை. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பாதுகாப்பு சுவிட்சுகள், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் கூரை பற்றிய பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். டிக்கியில் சாமான்களுக்கும் மடிந்த கூரைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு, அது கீழே இறங்கி மாட்டியிருந்தால்தான் கூரை அசையும் என்று எழுதியிருந்தது. முந்தின நாள் பெரிய பெட்டி வைக்க அந்தத் தடுப்பை மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். இறக்கி மாட்டியதும் கூரை திறந்துகொண்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

சொகுசுக் காரானாலும் எரு டிப்பரானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான். காசில்லாததை முதலில் பார், காசு அதிகம் ஆவதைக் கடைசியில் பார்.

1. சத்தத்தைக் கேளுங்கள். மோட்டாரில் ஓடும் பம்ப் என்றால், சத்தம் இல்லாவிட்டால் மின்சாரக் கோளாறு. சத்தம் வந்தும் அசையவில்லை என்றால் ஆயில், வால்வு, அல்லது எங்கோ இரும்பு சிக்கியிருக்கிறது. டிராக்டரில் பி.டி.ஓ. லீவரையும் பாருங்கள். சில பழைய மாதிரிகளில் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. தண்டிலிருந்துதான் ஓடும். அதை விடுவித்தால் லிஃப்ட் ஏறாது. அது பழுதல்ல, அமைப்பே அப்படி.

2. ஆயில் அளவைப் பாருங்கள். பெட்டியை முழுக்க இறக்கிவிட்டு, சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெட்டி தூக்கியிருக்கும்போது பாதி ஆயில் சிலிண்டருக்குள் இருக்கும். டேங்க் காலி என்று நினைத்து ஊற்றினால் இறக்கும்போது வழியும். காரிலும் கூரை எந்த நிலையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்பது அதன் புத்தகத்தில் இருக்கும்.

3. ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பெட்டி நடுங்கி நடுங்கி ஏறுவதும், பம்ப் ஊளையிடுவது போலக் கத்துவதும் பெரும்பாலும் காற்றால், அல்லது அடைத்துப்போன பில்டரால்.

4. தூக்கியபின் தானாக இறங்குகிறதா? சுமையைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மெல்ல இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது வால்வில் கசிவு. இதற்குப் பம்பை மாற்றிப் பயனில்லை.

5. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் அழுத்தமானி மாட்டிப் பாருங்கள். ரிலீஃப் வால்வும் சரியாக இருந்து, அழுத்தமும் ஏறவில்லை, ஆயில் சூடானதும் தூக்கும் சக்தி இன்னும் குறைகிறது என்றால், அப்போது பம்பைச் சந்தேகிக்கலாம்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. மூடியிலோ புத்தகத்திலோ எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜினில் இருந்து இறக்கிய கறுத்த ஆயிலை ஹைட்ராலிக் டேங்கில் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் உள்ள அழுக்கே பம்பை அரித்துவிடும். மினரல் ஆயில் போட வேண்டிய இடத்தில் பிரேக் ஆயில் போட்டால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். அழுக்கு ஆயிலை மாற்றாமல் புதுப் பம்ப் மாட்டினால் அந்தப் பம்பும் கொஞ்ச நாளில் அதே வழியில்தான் போகும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். டாக்டர் நாடி பார்த்து, "ஒன்றும் இல்லை, ஓய்வெடுங்கள்" என்றால் மறுபேச்சில்லாமல் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் தம்பி ஒரு மணி நேரம் குனிந்து பார்த்து, "ஓரிங் ஒன்றுதான்" என்றால், "இதுக்குப் போயி இவ்வளவா?" என்று கேட்கிறோம். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லை, பாகம் மாற்றினால்தான் கூலி என்று வைத்தால் அவர் என்ன செய்வார்? பாகத்தைத்தான் மாற்றுவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அரவைக் காலத்தில் கோபாலபுரம் ஆலைக்குக் கரும்பு இழுக்கும் வண்டிக்காரர், நின்று பார்க்க நேரமில்லாமல், "எதையாவது மாத்து, சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்" என்பார். நஷ்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அதனால் பழுது பார்க்கும் கூலி என்று தனியாகப் பேசிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று உரிமையோடு கேளுங்கள். அழுத்தமானி என்ன காட்டியது என்று பாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்த்த நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் வண்டியோடு தரும் கையேடு நல்ல தமிழில், படத்தோடு இருந்தால்தான் அந்த உரிமை நம்மூர் விவசாயிக்கு வந்து சேரும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து, விதைப்புக்கு முன் ஒருநாள் ஹைட்ராலிக் முகாம் நடத்தலாம். அழுத்தமானியை ஊர் ஊராகக் கொண்டுவந்து காட்டினாலே போதும்.

ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. பாஸ்கல் விதியைக் கரும்பலகையோடு முடித்துவிடாதீர்கள். ஊசி இல்லாத ஒரு சின்ன சிரிஞ்சையும் ஒரு பெரிய சிரிஞ்சையும் டிரிப்ஸ் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். சின்னதை அழுத்தினால் பெரியது புத்தகக் கட்டைத் தூக்கும். உள்ளே கொஞ்சம் காற்றை விட்டுப் பாருங்கள், தூக்காமல் ஸ்பிரிங் போலத் துள்ளும். இதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் டிராக்டரைப் பற்றி நாலு கேள்வி கேட்கும்.

கடைசியாக, உயிர் விஷயம். தூக்கி நிற்கும் பெட்டிக்கு அடியில் முட்டு கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். ஓஸ் ஒன்று பிய்த்துக்கொண்டால் விலகக்கூட நேரம் கிடைக்காது. பெட்டியைத் தூக்கும் முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியது போலச் சின்னதாகத்தான் தெரியும், உள்ளே சதையைக் கெடுத்துவிடும். வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் பாய்ந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் இப்படி நடந்திருந்தால், உண்மையான காரணம் என்னவாக இருந்தது என்று கீழே எழுதுங்கள். மெக்கானிக் தம்பிகள் கட்டாயம் எழுத வேண்டும். நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள். நாலு பேருக்குப் பயன்படட்டும்.