புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கு ஆண்டுதோறும் வைட்டமின் பரிசோதனை கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
புற்றுநோயிலிருந்து மீண்டோர், குடும்பத்தினர் சங்கம்,
பத்தமடை, சேரன்மகாதேவி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கு வைட்டமின் குறைபாட்டைக் கண்டறிந்து தொடர் சிகிச்சை அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அறுவையும் கீமோவும் முடிந்த அன்றோடு வைத்தியமும் முடிந்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆண்டுகள் கழித்து வந்த தொல்லைகள்தான் இம்மனுவை எழுத வைத்தன.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பாய் நெய்பவர். புற்றுநோயால் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்ட நான்காம் ஆண்டில் அவருக்கு விரல் நுனி மரத்தது. பட்டுப்பாய்க்குக் கீறிய கோரை நூலளவு மெலிந்திருக்கும். நெய்பவருக்கு விரல்தான் கண். இரண்டு கோரை ஒட்டிப்போனது தெரியாமல் நெய்து, மறுநாள் வெளிச்சத்தில் பார்த்துப் பிரித்தார். வயசு என்றார்கள், சர்க்கரை என்றார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு எனத் தெரிந்தது. ஊசி போட்டதும் சோர்வு தீர்ந்தது. மரப்பு முழுதும் போகவில்லை.

பி12 உடலில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. இரைப்பை இல்லாதவர் மீனும் முட்டையும் தின்றாலும் அது போதாது. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை தாமதமாகத்தான் வெளிப்படும். அந்நிலையில் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறியதுபோல் தோன்றும். நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மார்பகப் புற்றுக்காக லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு தேயும். வெயில் படாமல் வீட்டுக்குள் தறியில் இருப்பவருக்கு வைட்டமின் டி-யும் குறையலாம்.

எல்லாருக்கும் சத்து மாத்திரை கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது. முதலில் பரிசோதனை, பிறகே மருந்து என்பதே எங்கள் வேண்டுதல்.

கோரிக்கைகள்:

1. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் எனத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

2. ஆண்டுக்கொரு முறை பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்புச்சத்துப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் தறி நின்றுவிடுகிறது.

3. இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பி12 ஊசியை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே போட வேண்டும்.

4. ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுவோருக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை இலவசமாக வேண்டும்.

5. கை கால் மரப்பு, தீராத சோர்வு என்று வருபவரிடம் பழைய அறுவை பற்றிக் கேட்கும்படி கிராம செவிலியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

பிழைத்தவர்கள் உழைத்து வாழ வேண்டும். மரத்த விரல்களுக்கெல்லாம் உணர்வு திரும்புவதில்லை. இன்னும் மரக்காத விரல்களையாவது காக்கலாம். தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினர்கள்

இடம்: பத்தமடை

நகல்: முதல்வர், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்ட சுகாதார அலுவலர், திருநெல்வேலி.