1.3 டெராபைட்டும் இரண்டு வாரமும்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சர்வர்கள் முடங்கின. ஓபிடி பதிவு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேரின் வேலை. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. காகிதப் பாடு ஏறக்குறைய இரண்டு வாரம் நீடித்தது.

1.3 டெராபைட் ஒன்றும் மலையல்ல. டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸில் எந்தக் கடையில் கேட்டாலும் அதைவிடப் பெரிய ஹார்டு டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். ஒரு கிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். மூன்றேகால் மணி நேரத்தில் மொத்தத்தையும் நகலெடுத்து முடித்துவிடலாம். நடுவில் யாரோ மேஜைக்கடியில் மாட்டிவிட்டு மறந்துபோன 100 மெகாபிட் சுவிட்ச் இருந்தால் சுமார் 33 மணி நேரம். அப்படியும் இரண்டு வாரக் கணக்கு வரவில்லையே?

ஏன் என்று பார்க்க, சர்வரை எப்படி இடம் மாற்றுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். சர்வர் என்பது இன்று பெரும்பாலும் ஒரு கோப்புதான். விர்ச்சுவல் மெஷினின் மொத்த ஹார்டு டிஸ்கும் டிஸ்க் இமேஜாக, ஹோஸ்ட் சர்வரில் ஒரே கோப்பாகக் கிடக்கிறது. 2023 நவம்பரில் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் வாங்கி, ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த லைசென்ஸை நிறுத்திய பிறகு, ப்ராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றுக்குக் குடிபெயர்பவர்கள் கூடிவிட்டார்கள். இமேஜ்களை ஹோஸ்ட் விட்டு ஹோஸ்ட் மாற்றும் வேலையும் கூடிவிட்டது.

இதில் காப்பி அடிப்பது சின்னப் பகுதி. மெஷினை முதலில் ஷட்டவுன் செய்ய வேண்டும்; ஓடும்போதே நகலெடுத்தால் டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் வந்து சேரும். 200 ஜிபி ஒதுக்கி 30 ஜிபிதான் நிரம்பியிருக்கும் ரா இமேஜை எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளையில் அனுப்பினால், காலி வீட்டின் வெற்றிடத்தையும் லாரியில் ஏற்றிய கதையாக அந்தப் பக்கம் 200 ஜிபியும் அடைபடும். ஆர்சிங்க் என்ற இன்னொரு கட்டளையில் ஸ்பார்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைச் சேர்த்தால் இடம் மிச்சம். கையில் எடுத்துப் போகும் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது வாங்கவே வாங்காது.

கடைசியில், நகல் சரியா என்று பார்க்கும் செக்சம். எஸ்எச்ஏ-256 கட்டளை 64 எழுத்துகளைத் துப்பும். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு, டெல்லிப் பாணியில் "ஹோ ஜாயேகா" (ஆகிவிடும்) என்று எழுந்துபோவார்கள். ஒப்பிடும் வேலையையும் அதே கட்டளை செய்து, சரியென்றால் ஓகே என்று காட்டும். அந்த ஒரு வரி அடிக்க என்ன சோம்பல் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஆனால் நகலும் மூலமும் ஒன்று என்பதுவரைதான் செக்சம் சொல்லும். மூலத்தில் வைரஸ் இருந்தால் அதுவும் ஒரு பைட் குறையாமல் வந்து சேர்ந்திருக்கும். டிஸ்க் இமேஜின் வசதியும் ஆபத்தும் இதுதான்: நோயாளியின் பதிவையும் ரேன்சம்வேரையும் அது பிரித்துப் பார்க்காது. எய்ம்ஸில் பாதிப்புக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவை எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். அதோடு நெட்வொர்க்கையும் கம்ப்யூட்டர்களையும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நாட்கள் அங்கேதான் போயின. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்றும் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த பேக்கப் சர்வரும் சிக்கியிருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்!

நம் ஊர் அலுவலகங்களில் பேக்கப் என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் அதே ரேக்கில், அதே நெட்வொர்க்கில், அதே பாஸ்வேர்டில் கிடக்கும் இன்னொரு கோப்பு. அது பேக்கப்பே இல்லை என்பேன். ஒரு பிரதியாவது கேபிளைப் பிடுங்கிய டிஸ்கில் இருக்க வேண்டும். நெட்வொர்க் இணைப்பு இல்லாத வேறொரு ஹோஸ்ட்டில் ஏற்றி அதை பூட் செய்து பார்த்திருக்கவும் வேண்டும். உங்கள் அலுவலகத்தில் கடைசியாக எப்போது அப்படிச் செய்தார்கள் என்று திங்கட்கிழமை போனதும் ஐடி ஆளிடம் கேளுங்கள்.