வைக்கோல் சுவத்துக்கு எதுக்குங்க சிமெண்ட்?

படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஓடுறது ஜாவால. சிவில் மக்கள் மன்னிக்கணும். ஆனா சியாட்டில் பக்கம் நண்பர் ஒருத்தர் கட்டின வைக்கோல் கட்டு வீட்டைப் பாத்ததுல இருந்து வயித்தெரிச்சல் அடங்கல.

"வைக்கோல்ல தண்ணி பட்டா அழுகிடும். வெளிய கெட்டியா சிமெண்ட் பூசி, மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடலாம்"னு சொன்னாராம் காண்டிராக்டர். கேக்க நியாயமாத்தான் இருக்கு, இல்ல? மூணே குளிர்காலம். ஜன்னலுக்குக் கீழ தட்டினா தொப்தொப்னு சத்தம். உடைச்சுப் பாத்தா உள்ள வைக்கோல் இல்லீங்க, எருக்குழி.

சிமெண்ட் விறைப்பான ஆசாமி. கட்டு லேசா அமுங்கினாலே முடி அளவுக்கு விரிசல் விழும். மழைத்தண்ணி அதுவழியா உள்ள போயிடும். திரும்ப வரணும்னா ஆவியாத்தான் வரணும். அந்த வாசலைத்தான் சிமெண்டும் பெயிண்டும் சேந்து அடைச்சாச்சே! போதாக்குறைக்கு குளிர்காலத்துல சமையல், குளியல் ஆவியெல்லாம் சுவத்துக்குள்ள போய், சில்லுனு இருக்கற வெளிப்பூச்சுக்குப் பின்னால வேர்த்து நிக்கும். வைக்கோலோட ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பயமில்ல. அதைத் தாண்டி வாரக்கணக்குல நின்னா பூஞ்சைக்குக் கல்யாண விருந்துதான்.

"நெப்ராஸ்கால ஆர்தர்ங்கற ஊர்ல 1928ல வைக்கோல் கட்டுல கட்டின சர்ச் இன்னும் நிக்குதே?"ன்னு ஒருத்தர் கெளம்புவார். நிக்குது சாமி. அங்க வருஷத்துக்கே 500 மில்லிமீட்டர் மழை தேறாது, காத்தும் காஞ்ச காத்து. சியாட்டில்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுவும் பாதிக்கு மேல குளிர்காலத்துல, சுவத்தைக் காயவே விடாத தூறலா.

வெளிய சுண்ணாம்பு, உள்ள களிமண். இதான் என் கட்சி. ரெண்டும் ஆவியை விடும். களிமண் பக்கத்துல இருக்கற வைக்கோலோட ஈரத்தையும் தான் இழுத்து வெச்சுக்கும். ஆனா சாரல்ல கரையும், அதனாலதான் வெளிய சுண்ணாம்பு. அது இறுக நாளாகும், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் கல்லாகும், அதுவரைக்கும் வெயில் படாம, ஈரம் போகாம பாத்துக்கணும். காண்டிராக்டருக்கு அது ஏன் கசக்குதுன்னு இப்பப் புரியுதா?

அதுக்காக சுண்ணாம்பு ஒண்ணும் மந்திரம் இல்ல. கூரை ஒழுகினா எந்தப் பூச்சும் காப்பாத்தாது. கூரையை நல்லா வெளிய நீட்டுங்க, முதல் கட்டைத் தரையில இருந்து தூக்கி வைங்க. வாட்டர்ப்ரூஃப் ஆசை அடங்கலைன்னா, ஜன்னல் திட்டுக்கு அடியில மாதிரி தண்ணி தேங்கற இடத்துல மட்டும் பண்ணுங்க. நண்பர் வீட்டுல அங்க மட்டும்தான் எதுவுமே பண்ணலை!

வர்ற சனிக்கிழமை மிச்ச சிமெண்டை உடைக்கறோம். கடப்பாரை என்னுது.

டிஸ்கி: சுண்ணாம்பு குழைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. பட்டவன் சொல்றேன்.