நந்தா விளக்கும் பிரதேச சபையும்

அம்பிட்டியிலிருந்து தலாத்துஓயாப் பக்கம் செல்லும் வீதியில், என் இல்லத்துக்கு இறங்கும் ஒழுங்கையின் முகப்பில், ஒரு விளக்குக் கம்பம் நிற்கின்றது. அதன் உச்சியில் ஒரு சிறு சூரியத் தகடு. தகட்டின் கீழே ஒரு விளக்கு. சில ஆண்டுகளுக்கு முன் அதனை நாட்டிய நாளில் கம்பத்துக்கு மாலை சூட்டினர்; படம் பிடித்தனர்; பேசியவர் எல்லாரும் இனி இவ்வூருக்கு இருள் இல்லை என்றனர். இரண்டு மாரிகள் கழிந்தன. உள்ளிருந்த பற்றரி உயிர் விட்டது. இன்று அக்கம்பத்தில் பகலிலே காகம் அமர்கின்றது. இரவிலே இருள் அமர்கின்றது. மாலை வகுப்பு முடிந்து வரும் மாணவியர் அவ்விடத்தைக் கடக்கும்போது கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு விரைந்து நடக்கின்றனர்.

அந்தப் பற்றரியை மாற்றுவது யார் பொறுப்பு என்று விசாரித்தேன். கொடுத்தவர்கள் கொடுத்ததோடு தம் கடன் தீர்ந்தது என்றார்கள். சபையின் எழுதுவினைஞர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த விளக்கு எங்கள் பதிவிலேயே இல்லையே" என்றார். அவர்மீது எனக்குச் சினம் இல்லை. பதிவில் இல்லாத பொருளை ஒருவர் எங்ஙனம் பேணுவார்?

தமிழ் கற்பிப்பவன் ஆதலின் என் எண்ணம் கல்வெட்டுகளின்பாற் சென்றது. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில் நந்தா விளக்குக்கு அளித்த கொடைகள் மிகுதியாகக் காணப்படும். இரவும் பகலும் அவியாது எரிய வேண்டிய விளக்கு அது. கொடையாளன் விளக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு, அல்லது 96 ஆடு, என்று கணக்கிட்டு விட்டான். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டான். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆயினும் குட்டிகள் அவ்விடத்தை நிரப்ப, மந்தையின் தொகை குறையாது நிற்கும். கல்லில் வெட்டப்பட்டது விளக்கின் அழகன்று; நெய்யின் அளவும் அதனை அளப்பவனது பொறுப்புமேயாம்.

இன்று உலகெங்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டுக் கதிரவன், காற்று, நீர் என்பவற்றின் ஆற்றலுக்கு மாறவேண்டும் என்று பேசுகின்றனர். இந்நாட்டிலும் 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு அவ்வழியில் பெறவேண்டும் என்பது அரசின் குறிக்கோள். நன்று. ஆனால் இம்மாற்றத்தில் ஊர்ச் சபைகளுக்கு நாம் இதுவரை கொடுத்தது விளக்கு. கொடுக்க வேண்டியது ஆடு. இதுவே நான் சொல்ல வந்தது.

மின்சாரம் ஊர்ச் சபைகளுக்குப் புதிய தொழில் அன்று. 1918ஆம் ஆண்டில் பொறியியலாளர் விமலசுரேந்திரா இந்நாட்டின் அருவிகளைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்சபானாவில் நனவாயிற்று. மலையிலே பிறந்த அம்மின்சாரத்தை வாங்கி, நகர்களில் வீடுதோறும் பகிர்ந்தளித்த பணியைப் பல இடங்களில் மாநகர சபைகளும் நகர சபைகளுமே செய்து வந்தன. 1969இல் மின்சார சபை தோன்றிய பின்னரும் அது தொடர்ந்தது. 1983இல் லங்கா மின்சாரக் கம்பனி நிறுவப்பட்டது. சபைகள் நடத்திய விநியோகம் படிப்படியாக அவற்றின் கையை விட்டு நீங்கியது. காரணம் யாது? கம்பிகள் பழுதுற்றன, வழியிலே வீணாகிய மின்சாரம் மிகுந்தது, வாங்கிய மின்சாரத்துக்குரிய பணம் முறையாகச் செலுத்தப்படவில்லை.

இதனைச் சுட்டிக்காட்டி, "ஒருமுறை தவறவிட்ட கைகளில் மீண்டும் ஒப்படைப்பதா?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்கிலே தவறிய மாணவனுக்கு ஆசிரியன் கணக்கைக் கற்பிக்க வேண்டுமேயன்றி, அவன் கையிலுள்ள ஏட்டைப் பறித்தல் முறையாகாது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவராக விலக்கியது. ஊராட்சியைக் கைவிடுவதற்கு அவ்வூரார் கருதவில்லை, கணக்கை இறுக்கினர்.

கணக்கை அறிந்த ஊர் ஆற்றலையும் ஆளும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கின்றது. 1996 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தவர் சண்முகம் என்பார். தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றுதற்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை அரிப்பதை அவர் கண்டார். முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கி நீர் இறைக்கும் பொறியை அமைத்தனர். பின்னர் 2006இல், 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய்க்கு ஊராட்சியே வாங்கியது. அதிற் பெரும்பகுதி வங்கிக் கடன். எஞ்சியது ஊராட்சியின் சேமிப்பு. காற்றாலை நிற்பது அவ்வூரில் அன்று. காற்று மிகுந்து வீசும் தொலைவிடத்தில். தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை அவ்வூராட்சி மின்வாரியத்துக்கு விற்றது. கேரளத்திலும் பாலக்காட்டு மாவட்டப் பஞ்சாயத்து ஒரு கம்பனியை நிறுவி, மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நீர்மின் நிலையத்தை 2014இல் இயங்கச் செய்தது. இவர்கள் விளக்கை இரந்து பெற்றவர் அல்லர், மந்தையை உண்டாக்கியவர்.

சபைகளை ஏன் வற்புறுத்துகின்றேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அஃது என் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. நான் பிறந்தது ஒரு தேயிலைத் தோட்டத்தில். குப்பி விளக்கின் புகையிலே நன்னூல் படித்தவன். அக்காலத்துக்கு முன்னரே மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீர் சக்கரத்தைச் சுழற்றித் தொழிற்சாலைக்கு ஆற்றல் தந்ததுண்டு என்று என் தந்தையார் சொல்வார். தூய ஆற்றல் என்று இன்று நாம் போற்றுவது நூறாண்டுக்கு முன்பே அங்கே இருந்தது! ஆனால் அது தேயிலையை உலர்த்தவும் அரைக்கவும் உதவியதேயன்றி, கொழுந்து பறித்தவளின் லயன் அறைக்கு வரவில்லை.

அந்தப் பழைய பிழை புதிய உருவில் மீண்டும் வருதல் கூடும். 2016 செப்டெம்பரில் அரசு சூரிய ஆற்றலுக்கான பேரியக்கம் ஒன்றைத் தொடங்கியது. வீட்டுக் கூரையில் தகடு பதித்தவர் தாம் ஆக்கும் மின்சாரத்தால் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். மிகுந்ததற்குப் பணமும் பெறலாம். கண்டியைச் சூழ்ந்த மேடுகளில் இன்று மின்னும் கூரைகள் பல. அவர்களைக் குறை கூறேன். இயன்றவர் செய்தது நற்செயலே. ஆனால் தனக்கென ஒரு கூரை இல்லாதவர் என் செய்வார்? லயன் அறையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு நிலமும் சொந்தமன்று, கூரையும் சொந்தமன்று. வாடகை வீட்டில் வாழும் என்போன்ற ஆசிரியனுக்கும் அதுவே நிலை. கதிரவன் எல்லார்மேலும் ஒப்பக் காய்கின்றான். அவன் தரும் பயனோ கூரையுடையாரிடம் மட்டும் தங்குகின்றது.

இக்குறையைத் தனியொருவர் தீர்த்தல் இயலாது. பொதுக்கூரை உடைய சபையே தீர்க்கலாம். சந்தைக் கட்டடம், பொது நூல் நிலையம், சபை மண்டபம், பேருந்து நிலையம் முதலியவற்றின் கூரைகள் ஊருக்கு உரியவை. அங்கே ஆக்கும் மின்சாரத்தை வேறிடத்திலுள்ள குடும்பங்களின் கட்டணத்திலே பங்கிட்டுக் கழிக்கும் முறை பிற நாடுகளில் உண்டு. டில்லியில் 2019ஆம் ஆண்டிலேயே அதற்கு விதி வகுத்தனர். இங்கும் அத்தகைய விதி செய்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ்த் தோட்டப் பகுதிகளுக்குச் சபைகள் பணம் செலவிடுதற்குத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். ஆனால் அவர்தம் பாதைக்கு ஒரு விளக்கேனும் போடச் சபைக்கு வழியில்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தி அத்தடையை நீக்கினர். கதவு திறந்தாயிற்று, உள்ளே விளக்கு ஏற்றுவோர்தாம் வேண்டும்.

மற்றுமொரு செய்தியையும் மறைத்தல் கூடாது. 2022இல் எரிபொருள் இன்றி நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். 2025 ஏப்ரலில் நேர்மாறான நிலை வந்தது. புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்திருக்க, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நண்பகலில் மிகுதி, மாலையில் பற்றாக்குறை. அளவின்றித் தகடு பதிப்பது மட்டும் போதாது, ஆக்கும் நேரத்தையும் பயன்படுத்தும் நேரத்தையும் பொருத்த வேண்டும் என்பது இதனால் விளங்கும். இதிலும் சபைகள் உதவலாம். நீரேற்றும் பொறிகளை நண்பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்தால், அந்நீர் மாலையில் மின்சாரம் இன்றியே குழாய்களில் இறங்கும். எங்கள் அயலிலுள்ள துனுமடலாவைக் காட்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியோர் உயரத்தில் நிற்கும் நீரின் பெறுமதியை நன்கு அறிந்திருந்தனர். பகலில் ஏறிய நீரும் ஒருவகைச் சேமித்த ஆற்றலே.

இவற்றையெல்லாம் செய்தற்குச் சபைகளுக்கு என்ன துணை வேண்டும்? வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் தொழிலை நான்காகப் பகுத்தார்: வருவாய்க்கு வழி உண்டாக்கல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைப் பேணல், பேணியதை வகுத்துச் செலவிடல். அந்நான்கையும் இங்கே பொருத்திக் காண்க. முதலாவது, எக்கூரை தகும், எவ்வோடை தகும் என்று அளந்து சொல்லும் பொறியியலாளர் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியே இயலாதெனின், அயற் சபைகள் சில சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபை அவர்க்குப் பயிற்சி அளிக்கலாம். இரண்டாவது, நன்கொடையை நோக்கியிராது, கடன் பெற்றுத் தீர்க்கும் வழி. மூன்றாவது, பழுது பார்த்தற்கும் பற்றரி மாற்றுதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்கும் நிதி. இதுவே நம்மிடம் அறவே இல்லாதது. நான்காவது, வந்த பயன் முதலில் யாருக்குச் செல்ல வேண்டும் என்ற நீதி. கூரையற்றவர்க்கே முதற்பங்கு என்பது என் துணிபு.

காலமும் இப்போது கனிந்திருக்கின்றது. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகள் ஈராண்டுக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இன்றிக் கிடந்தன. 2025 மே 6ஆம் நாள் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்து புதியவர்கள் வந்துள்ளனர். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்யும் சட்டமும் 2024இல் நிறைவேறியது. கொழும்பிலே எல்லாம் மறுசீரமைக்கப்படும் இவ்வேளையில் ஊர்ச் சபையின் இடம் எது என்று கேளாது விட்டால், பின்னர் கேட்டுப் பயனில்லை.

சென்ற மாதம் என் இலக்கண வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு எங்கள் வீதியில் மாலையில் நடந்தேன். கம்பம் கம்பமாகப் பார்த்து, எரிவது எது, எரியாதது எது, எத்தகைய விளக்கு, யார் நாட்டியது என்று எழுதினோம். அவ்வேட்டைப் படியெடுத்து அதே எழுதுவினைஞரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாக வாசித்தார். "நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், ஐயா. பதிவில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் பற்றரி மாற்றும் செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? வரவு செலவுத் திட்டத்தில் அப்படி ஒரு தலைப்பே இல்லையே" என்றார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லிலே வெட்டிவைத்த தலைப்பு அது. வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை ஆராயக் கூடும் உறுப்பினர்கள் அந்த ஒரு வரியைச் சேர்ப்பார்களாயின், எங்கள் ஒழுங்கை முகப்பில் மட்டுமன்று, லயன் வாசலிலும் விளக்கு எரியும், எரிந்துகொண்டே இருக்கும்.