ஒரு குடம் தண்ணீர்

2015 டிசம்பர் 1, இரவு. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரும் மழை வெள்ளமும் சேர, அடையாறு கரை தாண்டியது. ஜாஃபர்கான்பேட்டையில் கரண்ட் இல்லை; போனும் வேலை செய்யவில்லை. மாடியில் குடியிருந்த அந்தக் கிறிஸ்தவக் குடும்பம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்தது.

கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டுப் பாட்டியும், கைக்குழந்தையோடு மருமகளும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். அம்மா பாதியில் எழுந்தார்.

"ஜெபம் முடியலையேம்மா" என்றான் மகன்.

"இதுவும் ஜெபம்தான்டா. போய் துண்டு எடுத்துட்டு வா."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு குடம் குடிதண்ணீர். "நமக்கே பத்தாதே..." என்று அப்பா தயங்கினார். முதல் டம்ளர், குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கப் போனது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கிவைத்த முந்திரியும் திராட்சையும்தான் அன்று எல்லோருக்கும் சாப்பாடு.

மறுநாள் மதியம் குடம் காலி. "கர்த்தர் நம்மளை மறந்துட்டாரோ?" என்றார் அப்பா. அம்மாவிடம் பதில் இல்லை. சாயங்காலம் தெருவுக்குள் மீனவர்களின் படகு வந்தது. குழந்தையும் பாட்டியும் முதலில் ஏறினார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் இல்லை. காலையில் கதவு தட்டும் சத்தம். வாசலில் சர்க்கரைப் பொங்கலோடு கீழ் வீட்டுப் பாட்டி!