பள்ளிப் பிள்ளைகளும் இளைப்பு நோயும்

பஞ்சாலைத் தொழிலாளிக்கு மூச்சிரைப்பு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. லீவு முடிந்து மில்லுக்குள் நுழையும் முதல் நாளிலேயே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் பஞ்சுத்தூசி வியாதியை அவர் அறிவார். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் அந்த வியாதிக்கு ஓர் இடமாவது இருந்தது. அதைக் கண்ட டாக்டர் சர்க்காருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். (எத்தனை டாக்டர்கள் எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம்!) ஆனால் அதே தொழிலாளியின் வீட்டில், நடு இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும் பத்து வயதுப் பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பவர் யார்?

ஆஸ்த்மா அபூர்வமான வியாதியல்ல. பிள்ளைகளுக்கு வருகிற நாட்பட்ட நோய்களில் இதுதான் மிகப் பரவலானது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. 2019-ல் உலகமெங்கும் 26 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது. 4,55,000 பேர் மாண்டார்கள். உலகின் ஆஸ்த்மா நோயாளிகளில் 100-க்கு 13 பேர் இந்தியர்கள். ஆனால் இந்நோயால் சாகிறவர்களில் 100-க்கு 40-க்கு மேற்பட்டோர் இந்தியர்கள்! நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். அப்படியிருக்க நம்மவர்கள் மட்டும் ஏன் இப்படிச் சாக வேண்டும்?

2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குப் பாதி விடை தருகிறது. இந்தியாவின் பல நகரங்களில் 6, 7 வயதுப் பிள்ளைகள், 13, 14 வயதுப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர்கள் என்று 1,27,000-க்கு மேற்பட்டோரை விசாரித்தார்கள். கடந்த ஓராண்டில் நெஞ்சில் விசில் சத்தத்துடன் இரைப்பு வந்ததாகச் சொன்னவர்கள் பெரிய பிள்ளைகளில் 100-க்கு 3.6 பேர். அதாவது நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒருவர் அல்லது இருவர். கொடுமை அதற்கப்பால்தான் இருக்கிறது. இரைப்பு இருந்தவர்களில் 100-க்கு 82 பேருக்கு ‘இது ஆஸ்த்மா’ என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நோயைத் தடுக்கும் மருந்தைத் தினமும் உறிஞ்சியவர்கள் 100-க்கு மூன்று பேர்கூட இல்லை.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சியைத் தொழிலாளர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் 1979-ல் 100-க்கு 9 பேருக்கு இருந்த இந்நோய், 1999-ல் 29.5 பேருக்கு இருந்தது. இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கே தவிர ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் கணக்கல்ல. பள்ளிகளில் எடுத்த கணக்கு வேறு. வண்டி நடமாட்டம் குறைந்த இடத்துப் பள்ளிகளில் 100-க்கு 11 பேர். வண்டிகள் நெருக்கியடிக்கும் இடத்துப் பள்ளிகளில் 19 பேர். அதே நெரிசலில் இருந்துகொண்டு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலோ 31 பேர்! கேட்கும் கேள்வியும் கணக்கெடுக்கும் முறையும் மாறினால் எண்ணிக்கை மாறும். ஆகையால் ஓர் ஆராய்ச்சியின் எண்ணை இன்னொன்றோடு பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே ஊரில், ஒரே ஆராய்ச்சியில், ரோட்டு ஓரத்து ஏழைப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் விஷயம்.

புகை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாகும். ஜெர்மனி ஒன்றான பின் லைப்சிக், ஹாலே நகரங்களின் பிள்ளைகளையும் மூனிச் நகரப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிலக்கரிப் புகை மண்டிய கிழக்கு நகரங்களில் மார்ச்சளி அதிகம். ஆனால் ஆஸ்த்மாவும் ஒவ்வாமைத் தும்மலும் மூனிச்சில்தான் அதிகம். நோய் முதலில் யாரைப் பற்றுகிறது என்பதற்குப் பரம்பரை, வளரும் சூழ்நிலை எனப் பல காரணங்கள் உண்டு. கரப்பான், ஓயாத தும்மல், இளைப்பு மூன்றும் ஒரே குடும்பத்தில் மாறி மாறி வருவதை நம் தாய்மார்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் பற்றிய நோயைப் புகை கிளறிவிடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. லண்டனில் நெரிசலான ரோட்டின் அருகே வசித்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்த்மாவால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதன் பலனாக, காற்றின் அசுத்தமும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி எழுதினார்.

நம் கிராமத்துப் பிள்ளைக்கு ரோட்டுப் புகை தேவையில்லை. அடுப்புப் புகையே போதும். 2019-21 குடும்ப நல சர்வேயின்படி நாட்டின் கிராமக் குடும்பங்களில் பாதிக்கு மேல் விறகு, வறட்டி போன்றவற்றையே எரித்தன. குடிசைக்குள் பீடி பற்றவைக்கும் தகப்பனார்களும் இங்கே சற்று யோசிக்க வேண்டும்.

மூச்சுக் குழாயின் உட்புறம் வீங்கி, அதைச் சுற்றிய தசை சுருங்கி, சளி அடைத்துக்கொள்வதுதான் இந்நோய். இதற்கு மருந்தை உறிஞ்சுவதே சரியான வழி. ‘இன்ஹேலர் பிடித்தால் பழகிவிடும், விட முடியாது’ என்ற பேச்சு ஊரெல்லாம் உலவுகிறது. அது பொய். சால்பியூடமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து. ஒரு தடவை உறிஞ்சுவதில் 0.1 மில்லிகிராம்தான். உறிஞ்சுவது நேரே குழாய்க்குப் போகிறது. விழுங்குவது உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொண்டுவருகிறது. திணறும்போது ஆற்றுகிற மருந்து ஒன்று, வீக்கத்தை அடக்க டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்கிற மருந்து வேறொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவதையே நம்பியிருப்பது ஆபத்து. பெண் பிள்ளையானால் கல்யாணம் தடைப்படும் என்று நோயையே மறைக்கிறார்கள். ஐதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் விரால் குஞ்சில் பச்சிலை வைத்து விழுங்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகிறார்கள். சர்க்காரே மீனுக்கு ஏற்பாடு செய்கிறது! இன்ஹேலருக்கு இந்த அக்கறை காட்டினால் என்ன?

பணமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறு பிள்ளைகள் மருந்தை உறிஞ்ச உதவும் ஸ்பேஸர் குழலுக்குப் பதிலாக, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தி இடுக்கை அடைத்தால் அதுவும் அவ்வளவே வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க டாக்டர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். பின்லாந்து 1994-ல் பத்தாண்டுத் திட்டம் போட்டு, நர்சுகளையும் மருந்துக் கடைக்காரர்களையும் பழக்கி, ஆஸ்த்மாவுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது.

இங்கும் திட்டம் இல்லாமலில்லை. 2013-ல் தொடங்கிய மத்திய சர்க்காரின் பிள்ளைகள் சுகாதாரத் திட்டத்தில், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய 30 நோய்களில் மூச்சுக்குழாய் இறுகும் நோயும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் இருவகை இன்ஹேலரும் வருடம் முழுவதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் திணறும் பிள்ளைக்கு முதல் உதவி செய்யத் தெரிந்த ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர்கள் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்: மருத்துவக் குழு கடைசியாக என்றைக்கு வந்தது, எத்தனை பிள்ளைகளின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தது, இரைப்பு உள்ளவர்கள் என்று எத்தனை பேரின் பெயரை எழுதிக்கொண்டு போனது?